சிவப்புப் பக்கம்

முதலில் மொபெட் இருமுகிற சத்தம் வந்தது. அது அடங்கியதும் கைத்தடியின் சத்தம். அதற்கும் பிறகு குரல்.

"வாத்யாரே! மானம் போச்சு!"

ஆள் இன்னும் வாசலுக்கு வந்து சேரவில்லை.

உள்ளே செலின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "செருப்பை உதறிட்டு வாங்கண்ணா. தெருவெல்லாம் சேறு."

வந்தவர் தேசிங்கு. ஐம்பதைத் தாண்டியவர். ஆபரேஷன் பண்ணி இடுப்பில் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். ஓட்டேரியில் ஒரு காலத்தில் அவருடைய மொட்டைமாடியைத் தெரியாத புறாக்காரன் கிடையாது. கூண்டு ஏணியிலிருந்து விழுந்த பிறகு மாடி ஏற முடியவில்லை. புறாக்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் போனைப் பார்த்துப் பார்த்தே பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டார். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பக்கத்துத் தெரு செலினிடம் வருவார். அவருக்கு அவள் மகள் வயதும் இல்லை, தங்கை வயதும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. ஒரு கம்பெனியின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது அவள் வேலை.

முதல் நாளே அவளை வாத்தியார் என்று கூப்பிட்டார். வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. குஸ்திக்கு வாத்தியார் உண்டு, புறாவுக்கு வாத்தியார் உண்டு, பைத்தானுக்கு மட்டும் இல்லாமல் போகுமா என்பது அவர் கட்சி.

"என்னாச்சு?"

"சங்கத்துல மீட்டிங். துலுக்காணம் எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் போனைக் காட்டறான். என் சைட்டு அட்ரஸ் பக்கத்துல 'பாதுகாப்பற்றது'ன்னு எழுதிக்கீதாம். 'போனே சொல்லுது பாருங்கப்பா, இந்தாளு பண்ணது டுபாக்கூரு'ன்றான்."

"போன் சரியாத்தான் சொல்லியிருக்கு."

"நீயுமா!"

புறாச் சங்கத்துக்காகத் தேசிங்கு செய்தது சின்ன சைட். பந்தயத்துக்கு முதல் நாள் ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். சீட்டுக்குள் ஓர் எண் மறைந்திருக்கும். எங்கோ ஆந்திராவில் திறந்துவிட்ட புறா அவரவர் மாடிக்கு வந்து இறங்கியதும், பிடித்து, சீட்டைப் பிரித்து, எண்ணைத் தேசிங்கின் சைட்டில் போட வேண்டும். எண் வந்து சேர்ந்த நேரத்தை சைட்டே குறித்துக்கொள்ளும். வேகக் கணக்கையும் அதுவே போட்டுவிடும்.

அதற்கு முன்னால் வேறு முறை. வந்த புறாவையும் போனில் ஓடுகிற மணியையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்புவார்கள். துலுக்காணத்துக்கு அந்த முறைதான் பிடிக்கும். அந்த நாட்களில் அவன்தான் அதிகம் ஜெயித்தான்.

"உக்காருங்க," என்றாள் செலின். "என் வைஃபைல சேர்ந்துட்டு, சும்மா ஒரு எண் போடுங்க."

தேசிங்கு சைட்டைத் திறந்தார். அவள் கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஓர் எண்ணை அடித்தார்.

செலின் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். "நாலு, ஒண்ணு, ஒன்பது, ஒன்பது, ரெண்டு."

தேசிங்கு போனைக் கவிழ்த்தார். சுவரில் எங்காவது கண்ணாடி மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எப்படிப் பாத்த?"

"எட்டிப் பார்க்கலண்ணா. நீங்க அதை மூடாம அனுப்புனீங்க. அது போற வழியில நான் நின்னேன். நடுவுல நிக்கறவன் நினைச்சா எண்ணை மாத்தியும் அனுப்பலாம். அவ்ளோதான்."

"அப்ப துலுக்காணம் சொன்னது..."

"சரிதான். அவருக்கு வாய்தான் மோசம்."

தேசிங்கு ஜன்னல் வழியே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் பறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஓங்கோல் பந்தயம். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா பழைய முறைக்கே போயிடலாம்னு தலைவர் சொல்லிட்டாரு. எனக்கு மாடி இல்ல. புறா இல்ல. இந்த சைட்டும் இல்லன்னா சங்கத்துல எனக்கு இன்னா வேலை, சொல்லு. ஓரமா உக்காந்து டீ குடிக்கறதா?"

"போற எண்ணு வழியில யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அப்படி மூடிட்டு வாங்க."

"எப்படி மூடறது?"

"தேடுங்க."

"நீயே பண்ணிக் குடுத்துடேன் வாத்யாரே."

"நான் பண்ணிக் கொடுத்தா, அது கெட்டுப்போற அன்னிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

*

மறுநாளே வந்தார். மொபெட்டைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலம்.

"மூடிட்டேன்!"

"அதுக்குள்ளயா?"

"ஒரே ஒரு வார்த்தை வாத்யாரே! பைத்தான்ல அந்த ஒரு வார்த்தையைச் சேத்தா போதும். இது இன்னார் சைட்டுதான்னு அதுவே சர்ட்டிபிகேட் பண்ணிக்குது, அதுவே பூட்டிக்குது. இரு, எண்ணு போடறேன். இப்பப் படி பாக்கலாம்."

போட்டார். செலின் பார்த்தாள். அவள் திரையில் கோழி கிளறின மாதிரி ஏதோ கிடந்தது.

"படிக்க முடியல," என்றாள்.

தேசிங்கு ஒற்றைக் காலில் ஆடினார். கைத்தடியும் கூட ஆடியது.

செலின் தன் போனில் அவருடைய சைட்டைத் திறந்தாள். எண் போடுகிற இடம் வரவில்லை. அதற்குப் பதில் திரை நிறைய ஓர் எச்சரிக்கை. மேலே சிவப்பில் ஒரு முக்கோணம். உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல என்று போட்டிருந்தது.

"இது என்னண்ணா?"

"அது ஒண்ணுமில்ல. சர்ட்டிபிகேட்டை நானே பண்ணேன் இல்ல, போனுக்கு என்னைத் தெரியல. முறைக்குது. கீழ 'மேம்பட்டவை'ன்னு ஒண்ணு கீது பாரு, அத்த அமுக்கு. அப்புறம் 'பரவால்ல, போ'ன்ற மாதிரி ஒண்ணு வரும். அத்தையும் அமுக்கு. உள்ள போயிடலாம்."

"எல்லாருக்கும் இதைச் சொல்லிட்டீங்களா?"

"குரூப்புல வாய்ஸ் போட்டேன். பெருசுங்க முதக்கொண்டு பழகிட்டாங்க. சிவப்பைப் பாத்தா கண்ணை மூடிக்கினு ரெண்டு அமுக்கு. பயம்ன்றதே கிடையாது."

செலின் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

"சரிதானே வாத்யாரே?"

"உங்க சங்கத்துல வைஃபை இருக்கா?"

"கீதே. தலைவர் போட்டது."

"எல்லாரும் எப்பக் கூடுவீங்க?"

"நாளைக்கு சாயந்தரம். சைட்டை எல்லாரும் சேந்து ஒத்திகை பாக்கறோம்."

"நானும் வரேன். தலைவர் நம்பரைக் கொடுங்க."

*

சங்கம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. சுவர் முழுக்கக் கோப்பைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகரப் புறா.

தலைவர் எத்திராஜுலு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில், மடியில் கம்ப்யூட்டரோடு செலின். அவள் தலைவரிடம் முன்பே பேசி அனுமதி வாங்கியிருந்தாள். அது தேசிங்குக்குத் தெரியாது.

தேசிங்கு நடுவில் நின்று வகுப்பு எடுத்தார். அவர் முகம் வெகுநாள் கழித்துப் புதுச்சட்டை போட்ட மாதிரி இருந்தது.

"எல்லாரும் வைஃபைல சேந்துக்கோங்கப்பா. சைட்டைத் தொறங்க. சிவப்பு வந்துச்சா?"

"வந்துச்சு!"

"பயப்படக் கூடாது. மேம்பட்டவை. அமுக்கியாச்சா?"

"அமுக்கியாச்சு!"

"அடுத்தது. போ. அமுக்கியாச்சா?"

"எப்பவோ அமுக்கியாச்சு!"

"இப்ப ஆளுக்கு ஒரு எண்ணைப் போட்டு அனுப்புங்க."

அனுப்பினார்கள்.

ஒவ்வொரு போனிலும் ஒரு காக்கா வந்தது.

பெரிய காக்கா. தலையைச் சாய்த்து, போன் வைத்திருப்பவனையே பார்த்தது. கீழே ஒரு வரி: எண் கிடைத்தது. நன்றி. கா.

ஆளாளுக்குப் பக்கத்துப் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாய்யா இது, காக்கா?"

"எனக்கும் காக்காதான்!"

"புறா சங்கத்துல காக்கா உட்டவன் எவன்?"

செலின் கையைத் தூக்கினாள். பிறகு மடியில் இருந்த திரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஆறு எட்டு மூணு மூணு ஒண்ணு. இது யாரோடது?"

"என்னுதும்மா," என்றார் ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட குரலில்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. இது யாரு?"

துலுக்காணம் தகரக் கூரையைப் பார்த்தான்.

"நீங்க யாரும் தேசிங்கண்ணா சைட்டுக்குப் போகல," என்றாள் செலின். "அதே பேர்ல இந்த வைஃபைல நான் குறுக்க ஒரு போலிக் கடை போட்டேன். அவர் மாதிரியே நானும் சர்ட்டிபிகேட்டை நானே பண்ணிக்கிட்டேன். அவ்ளோதான்."

தலைவர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன் கத்திச்சேம்மா. சிவப்பா காட்டிச்சே."

"காட்டுச்சு."

"நாங்கதான் அமுக்கிட்டு வந்துட்டோம்."

செலின் கம்ப்யூட்டரை மூடினாள்.

துலுக்காணம் எழுந்து நின்று கைதட்டினான். "பலே தேசிங்கு! எல்லாரையும் வரிசையா கூட்டிக்கினு போய் கெணத்துக்குள்ள எறக்கிட்டியே! புறா இருந்திருந்தா அதுங்களாவது திரும்பி வந்திருக்கும்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவர்கள்தான் தேசிங்கைப் பார்க்கவில்லை.

தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "தேசிங்கு, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு சான்ஸ். அன்னிக்கு ஒருத்தன் எண்ணு நின்னாலும் சரி, படம் எடுக்கற பழைய முறைதான். அதுக்கு மேல பேச்சே கிடையாது."

தேசிங்கு கைத்தடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

*

அடுத்த நாள் மொபெட் சத்தம் கேட்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் வந்தார். வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"ஊரு முன்னாடி காக்கா காட்டிட்டியே வாத்யாரே. என்கிட்டத் தனியா சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். கோபத்திலும் நேர்மையாகத்தான் யோசித்தார்.

"குரூப்புல இன்னொரு வாய்ஸ் போட்டிருப்பேன்."

"யாராவது கேட்டிருப்பாங்களா?"

"ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்." உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. "காக்கா நல்ல லட்சணமாத்தான் இருந்துச்சு."

உள்ளே வந்து உட்கார்ந்தார்.

செலின் கேட்டாள்: "அண்ணா, புறாக் குஞ்சுக்குக் கால்ல வளையம் போடுவீங்களே, அது எப்பப் போடணும்?"

இந்தக் கேள்வியில் அவர் முதுகு நிமிர்ந்தது. "பொறந்து ஒரு வாரம் ஆனதும் போட்டுடணும். அப்புறம் பாதம் பெருத்துடும், ஏறாது. அப்ப ஏறினது கடைசி வரைக்கும் கழலாது."

"அதை ஏன் சங்கத்துல கேட்டு வாங்கறீங்க? கம்பிதானே. வீட்லயே வளைச்சு மாட்டிடலாமே."

தேசிங்கு சிரித்துவிட்டார். "நீ கம்ப்யூட்டரோட நிறுத்திக்கோ வாத்யாரே. வளையம்னா சங்கம் குடுக்கணும். எவன் மாடியில எந்தக் குஞ்சு பொறந்துச்சுன்னு அவங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. நானே ஒரு கம்பியை வளைச்சு மாட்டிக்கினு, இது என் புறாதான்னு நானே சொன்னா, எவன் ஒத்துக்..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது.



பிறகு எழுந்தார். "சைட்டுக்கு வளையம் குடுக்கற சங்கம் எங்க கீது?"

"தேடுங்க."

"தெரியும், தெரியும். அத்தத்தான் சொல்லுவ."

*

தேடினார். அப்படி ஒரு சங்கம் இருந்தது. உலகத்தில் யார் கேட்டாலும் கொடுத்தது. அது கொடுத்த சர்ட்டிபிகேட்டை எல்லாப் போன்களும் ஒத்துக்கொண்டன.

அது கேட்டது ஒன்றே ஒன்று. இந்தப் பேர் உன்னுடையது என்கிறாயே, நாங்கள் தருகிற ஒரு வார்த்தையை உன் சைட்டில் இன்ன இடத்தில் வை. நாங்கள் வந்து பார்க்கிறோம்.

தேசிங்கு வைத்தார். அவர்கள் வந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுபடி வைத்தார். மறுபடி யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை செலினுக்குப் போன் வந்தது. "வாத்யாரே, நாளைக்குப் பந்தயம். நானும் வெச்சுக்கினே இருக்கேன், அவங்களும் இல்லைன்னுட்டுப் போய்க்கினே கீறாங்க. நான் இங்கதானே குந்திக்கினு இருக்கேன்!"

"முதல்ல எல்லாரும் வந்தாங்களே, பூட்டு இல்லாத பழைய வழி, அது என்னாச்சு?"

"அத்த அன்னிக்கே அடைச்சுட்டேன்! அது வழியாத்தானே நீ என் எண்ணைப் படிச்ச. இனிமே அது வழியா ஈ எறும்பு நுழையாது. செங்கல் வெச்சுப் பூசின மாதிரி அடைச்சுட்டேன்."

செலின் கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுக்கு வாங்கண்ணா. நேர்ல சொல்றேன்."

மொபெட் வந்து நின்றது. கைத்தடி வந்து நின்றது. கதவு மூடியிருந்தது. தட்டினார். திறக்கவில்லை. போன் பண்ணினார்.

"வாத்யாரே, வாசல்ல நிக்கறேன்."

"வாங்கண்ணா. டீ போட்டு வச்சிருக்கேன்."

"கதவு மூடிக்கீதே."

"ஆமா. திருடன் வருவான்னு மூடிட்டேன்."

"சரி, இப்ப தொற."

"தொறக்க மாட்டேன். நீங்க உள்ள வாங்க."

"இன்னாம்மா வெளையாடறியா? நீயே வரச் சொல்லிட்டு, நீயே மூடி வெச்சுக்கினா, வர்றவன் எப்படி..."

செலின் காதோடு போனை வைத்துக் காத்திருந்தாள்.

தேசிங்கு போனை வைத்துவிட்டார்.

வெளியே மொபெட் இரண்டு முறை உதைபட்டு, மூன்றாவது உதையில் கிளம்பிப் போனது.

இரண்டு டீயையும் அவளே குடித்தாள்.

*

அன்று சாயந்தரம், தெருவிளக்கு எரிகிற நேரத்தில், சர்ட்டிபிகேட் வந்தது.

சர்ட்டிபிகேட் கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பது பூட்டு இல்லாத அந்தப் பழைய வழியாகத்தான். தேசிங்கு அதைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் முழுசாக இல்லை. பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை. தப்பித் தவறி அது வழியாக வருகிற வேறு யாராக இருந்தாலும் 'அந்தப் பக்கம் போங்கப்பா' என்று பூட்டு போட்ட வழிக்குத் திருப்பிவிட்டார்.

சர்ட்டிபிகேட்டை எழுத்து விடாமல் படித்தார். அவருடைய சைட்டின் பேர் இருந்தது. எப்போதிலிருந்து செல்லும் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை, சாயந்தர நேரம். முட்டை உடைந்து குஞ்சு வெளியே வந்த நேரத்தைச் சுவரில் எழுதி வைப்பது அவர் வழக்கம். இதையும் எழுதினார்.

செலின் தன் போனில் சைட்டைத் திறந்தாள். சிவப்பு இல்லை. முக்கோணம் இல்லை. யாரும் முறைக்கவில்லை. எண் போடுகிற இடம் மட்டும் அமைதியாக இருந்தது.

சங்கத்துக் குரூப்பில் தேசிங்கின் வாய்ஸ் வந்தது. பாதி கத்தல், பாதி கெஞ்சல்.

"அப்பாமாருங்களே! அண்ணன் தம்பிங்களே! இனிமே சிவப்பு வந்தா அமுக்காதீங்க. யாரு சொன்னாலும் அமுக்காதீங்க. நான் சொன்னாலும் அமுக்காதீங்க! அப்படியே நின்னுட்டு எனக்கு போன் பண்ணுங்க. அவ்ளோதான்!"

துலுக்காணம் பதிலுக்கு ஒரு காக்கா படம் போட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓங்கோலில் கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள்.

ஓட்டேரியில், பெரம்பூரில், புளியந்தோப்பில், மொட்டைமாடிதோறும் கழுத்துகள் வடக்கே திரும்பியிருந்தன.

தேசிங்கு செலின் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். முக்காலியின் மேல் கம்ப்யூட்டர். இருவருக்கும் நடுவில் விரித்த பேப்பரில் ஒரு குவியல் நெத்திலி. சும்மா உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு நெஞ்சு வெடிச்சுடும், கிள்ளுங்க என்று செலின் தட்டை அவர் முன்னால் வைத்திருந்தாள்.

கிள்ளினார். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கண் மட்டும் திரையில்.

திரையில் ஒரு வரி முளைத்தது. ஒரு பேர், ஒரு நேரம்.

"வந்துச்சு! வாத்யாரே, வந்துச்சு! கன்னியப்பன் மாடி! சாம்பக் கோடு போட்ட பொட்டை அது, எனக்குத் தெரியும், அதுக்கு அம்மாவை நான்தான் வளத்தேன்!"

இன்னொரு வரி. உடனே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தேசிங்கு கத்தினார். மீன் தலையைத் தட்டிலும் உடலைக் குப்பையிலும் போட்டார். செலின் மாற்றி வைத்துக்கொண்டே வந்தாள்.

போன் அடித்தது. துலுக்காணம்.

கையெல்லாம் மீன். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"யோவ் தேசிங்கு! உன் சைட்டுல சிவப்பு!"

தேசிங்கின் கை அந்தரத்தில் நின்றது.

"புறா வந்து கையில கீது. சீட்டைப் பிரிச்சாச்சு. எண்ணைப் போட வழியில்ல. பொடி எழுத்துல இன்னாவோ எழுதிக்கினு முறைக்குது. மரியாதையா சொல்றேன், தலைவருக்கு போன் போடப் போறேன்."

தேசிங்கு செலினைப் பார்த்தார். சத்தம் வராமல் உதட்டை அசைத்தார். முடிஞ்சுது வாத்யாரே. ஒருத்தன் நின்னுட்டான்.

பிறகு ஏதோ தோன்றியது. போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"துலுக்காணம், அமுக்கினியா?"

"இன்னாத்த?"

"சிவப்புக்குக் கீழ. மேம்பட்டவை. அமுக்கினியா?"

"எதுக்கு அமுக்கணும்? நான் சொன்னாலும் அமுக்காதேன்னு நேத்து நீதானய்யா தொண்டை கிழியக் கத்தின! நின்னுட்டேன். போன் பண்றேன். இன்னும் இன்னாதான் பண்ணணும்ன்ற?"

தேசிங்கு செலின் பக்கம் திரும்பினார்.

"வாத்யாரே," என்றார், மெதுவாக. "நின்னுட்டான். கையில புறாவை வெச்சுக்கினு, மணி ஓடிக்கினு இருக்க, நின்னுட்டான்."

சங்கம், சான்ஸ், பழைய முறை எல்லாம் அவருக்கு அந்த ஒரு நிமிஷம் மறந்து போயிருந்தது. முகம் முழுக்க அவ்வளவு சந்தோஷம். ஒரு மீன் செதில் கன்னத்தில் மினுங்கியது.

செலின் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"துலுக்காணம் அண்ணா, செலின் பேசறேன். மத்த எல்லாருக்கும் சரியா வருது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு என்ன கிழமை?"

"இன்னா கேள்விம்மா இது? ஞாயித்துக்கிழமை."

"உங்க போன்ல?"

அவன் கையில் இருந்த புறா குனுகுவது கேட்டது.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

புறா இன்னும் கொஞ்சம் குனுகியது.

"சனி," என்றது குரல். வழக்கமான துலுக்காணத்தில் கால்வாசிதான் இருந்தது.

தேசிங்கு நிமிர்ந்தார். "யோவ்! மணியைப் பின்னாடி தள்ளினியா?"

"கொஞ்சம்தான்பா."

"கொஞ்சம் தள்ளப் போய்த் தேதியையும் தள்ளிட்டியா?"

"கண்ணாடி போடலப்பா."

"இப்ப யாருய்யா உன் போன் மணியைப் பாக்கறாங்க? சைட்டுதானே மணி குறிக்குது!"

"தெரியும்பா. பழக்க தோஷம். பந்தயம்னா கை தானா போவுது."

"எத்தினி வருஷப் பழக்கம்?"

"அத்த உடேன்."

தேசிங்கு சிரிக்க ஆரம்பித்தார். இடுப்புக் கம்பி வலிக்க வலிக்கச் சிரித்தார். சுவரில் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மீன் கையால் தரையை அடித்துச் சிரித்தார்.

செலின்தான் சொன்னாள்: "அந்த சர்ட்டிபிகேட் பொறந்ததே நேத்து சாயந்தரம்தாண்ணா. உங்க போன்ல இன்னும் நேத்து காலையிலதான் இருக்கீங்க. பொறக்காததை அது எப்படி ஒத்துக்கும்?"

"இப்ப நான் இன்னா பண்ணட்டும்மா?"

"தேதி நேரம் மாத்தற இடத்துல 'தானியங்கி'ன்னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்குங்க."

துலுக்காணம் தயங்கினான்.

"அமுக்கலாமா?"

"அமுக்குய்யா!" என்றார் தேசிங்கு.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி முளைத்தது. துலுக்காணம் என்று பேர். பக்கத்தில் நேரம், ஞாயிற்றுக்கிழமையின் நேரம்.

போன் வைத்த கையோடு தலைவர் கூப்பிட்டார்.

"தேசிங்கு, லைன்ல இரு. துலுக்காணத்தையும் சேத்துக்கறேன். பின்னால அவன்தான் பஞ்சாயத்து வெப்பான், இப்பவே கேட்டுடலாம்." ஒரு சொடுக்குச் சத்தம். "துலுக்காணம், உன் எண்ணு எங்கயாவது நின்னுச்சா? உண்மையைச் சொல்லு."



"எண்ணு நிக்கல தலைவரே," என்றான் துலுக்காணம். "நான்தான் கொஞ்சம் நின்னேன். சைட்டு சும்மா கத்தி மாதிரி போவுது."

"அப்ப இதுவே இருக்கட்டும். தேசிங்கு, அடுத்த வாரம் நெல்லூர். காலையிலயே வந்துடு, உனக்கு மேசை போடச் சொல்றேன்."

லைன் கட் ஆனது.



"வாத்யாரே, அவன் மணியைத் தள்ளினதைத் தலைவர்கிட்ட சொல்லணுமா?"

செலின் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பேப்பரில் நெத்திலி இன்னும் பாதி கிடந்தது. தேசிங்கு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினார்.